கழுவாத பால்வாளி

நவம்பர் 6, வியாழன்

மூடுபனி. பகல் முழுக்க விளக்குப் போட்டபடி. செய்ய வேண்டியவை: அம்மாவின் பிறஷர் குளிசை, முட்டை, இவரின் வேலைச் சப்பாத்தைத் தைக்கக் கொடுப்பது. ஒன்றும் நடக்கவில்லை.

மாலை ஒரு தொலைபேசி. பண்ணைக் கார்ல். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு. குரலைக் கேட்டவுடனே தெரிந்துவிட்டது, ஆனாலும் யாரென்று இரண்டாம் முறை கேட்டேன். அவனுடைய தாய் ஹில்டாவுக்கு ஞாயிற்றுக்கிழமை தொண்ணூறு வயது. பண்ணையில் சாப்பாடு, ஊர்ச் சனமெல்லாம் வரும். எங்கள் அம்மாவைக் கூட்டி வரவேண்டும் என்று ஹில்டா ஒற்றைக்காலில் நிற்கிறாராம். வேறொன்றும் கேட்டிருக்கிறார். அம்மா முந்தி அவிக்கும் ‘அந்த மஞ்சள்’. பசு ஒன்று கன்று போட்டிருக்கிறது, முதல் பாலை எடுத்து வைத்திருக்கிறேன் என்றான் கார்ல்.

அம்மாவுக்கு ஏலாது என்றேன். முழங்கால். படி இறங்குவதே பெரிய பாடு.

அதைச் சொன்னபோது அம்மா குசினியில் கதிரைமேல் ஏறி நின்று மேல்தட்டில் புளிப் போத்தலைத் தேடிக்கொண்டிருந்தார். ஆர் எடுத்தது என்று கேட்டார். காப்புறுதிக்காரர் என்றேன். வாய் தடுமாறவே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

அந்த மஞ்சள் என்பது கடும்பு. கன்று போட்ட பசுவின் முதல் பால் மஞ்சளாக, தடிப்பாக இருக்கும். சீனியும் ஏலக்காயும் கலந்து ஆவியில் வைத்தால் தானாகவே கட்டிப்படும். அம்மாவின் ஊரில் அது விசேஷம், அயலுக்கெல்லாம் கொடுப்பார்கள். இங்கே கன்று குடித்த மீதி பன்றிக்குப் போகும்.

நாங்கள் இருந்ததும் பன்றிக் கொட்டிலோடு ஒட்டிய அறையில்தான். ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே, விமான நிலையத்துக்கு அங்கால், இலை இலையாகச் சுருண்ட கூம்புக் கோவா விளையும் வெளி. அப்பா கோவா வெட்டினார், அம்மா பால் கறந்தார். எனக்கு ஆறு வயதிலிருந்து பதினேழு வரை அங்கேதான். அந்த அறை முந்தி பன்றிக்குக் கிழங்கு அவித்த குசினி. சுவரில் கொதிகலன் நின்ற கறுப்பு வட்டம். எத்தனை தரம் வெள்ளை அடித்தாலும் அது மேலே வந்துவிடும்.

ஊர் முழுக்க இருக்கும் மேசையில் யாராவது அதைச் சிரித்துச் சொல்வார்கள். பன்றிக்குப் போனதை இவர்கள் எடுத்துச் சாப்பிட்டார்கள் என்று. அதைக் கேட்டுக்கொண்டு நான் கேக் வெட்ட வேண்டும். ஏலாது.

நவம்பர் 7, வெள்ளி

தூறல். குளிசை வாங்கினேன். முட்டை மறந்துபோனேன்.

நான் வேலை செய்யும் கண் டாக்டரிடம் இன்று கூட்டம். சொட்டு மருந்து விட்டுவிட்டு வாசலில் இருத்திய கிழவர் ஒருவர், தன்னை எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்று சுவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் சாண்ட்ரா. என்னோடு வரவேற்பு மேசையில் இருப்பவள், நல்லவள், கேட்கும் கேள்விதான் அதிகம். சின்ன வயதில் தாய் சமைத்த பருப்பும் ஸ்பெட்ஸ்லவும் பற்றிப் பேச்சு. கோதுமை மாவை முட்டையோடு குழைத்துக் கொதிதண்ணீரில் விழுத்துவதுதான் ஸ்பெட்ஸ்ல. ஞாயிறுதோறும் தின்றோம், இப்போது நினைத்தாலும் வாயூறும் என்றாள். உங்கள் வீட்டில் என்ன என்று கேட்டாள்.

இடியப்பம், சொதி, பலாப்பழம் என்றேன். தேங்காய்ப்பால் எல்லாவற்றுக்கும். அவள் கண்ணை மூடிக்கொண்டு, கடற்கரை மணக்கிறது என்றாள்.

பலாப்பழத்தை நான் நினைவு தெரிந்து முதன்முதல் தின்றது இருபத்தைந்து வயதில், கொலோனில் ஒரு கலியாண வீட்டில், தகரப் பேணியிலிருந்து.

தின்றது இவை. இங்கே எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது:

கோவாவின் வெளி இலை வறை. சந்தைக்குப் போகாத இலை. கேக்குக்குப் போடும் தேங்காய்த் தூள் போட்டது.

றை மாவில், கறுப்புப் பாணுக்குப் போடும் மாவில், புட்டு. கறுப்பு. விழுங்கத் தண்ணீர் வேண்டும்.

புளித்த கோவாவில் சம்பல், வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டு. தேசிக்காய் தேவையில்லை, புளிப்பு அதிலேயே இருக்கிறது.

ஸ்பெட்ஸ்லவும் பேணியில் வரும் ரின் மீன் குழம்பும். ஸ்பெட்ஸ்ல ஹில்டா தருவது.

பன்றி அடிக்கிற நாளில் இரத்த வறை. அப்பா மட்டும். நான் அறையை விட்டு வெளியே போய் நிற்பேன்.

கொட்டிலில் பன்றிக்கு அவிக்கும் கிழங்கு. தோலோடு, சுடச்சுட, உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டு. அதைவிட ருசியான கிழங்கை இன்றுவரை தின்றதில்லை.

கடைசி வரியை எழுதிவிட்டு அடித்தேன். பிறகு திரும்ப எழுதினேன். சாண்ட்ராவும் ஸ்பெட்ஸ்ல, நானும் ஸ்பெட்ஸ்ல. ஓம், எங்கள் வீட்டிலும் அதுதான் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வசனம். அதற்கும் எனக்கு வக்கில்லை.

நவம்பர் 8, சனி

வெயில் எட்டிப் பார்த்தது. முட்டை வாங்கினேன்.

இன்றைக்கு நடந்ததை எழுதவே கை கூசுகிறது.

பதினொரு மணிபோல மணி அடித்தது. நான் கீழே நிலவறையில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். மேலே வந்தால் கதவு திறந்தபடி. வாசலில் கார்ல், தலை நரைத்து, முகம் அதே முகம். கையில், முந்தி எங்களுக்குப் பால் வந்த அந்த வாளி. மூடி போட்ட சின்ன அலுமினிய வாளி, கைபிடியில் மரக்கட்டை, பக்கத்தில் நெளிவு. அம்மா முன்னறையில் மடக்கு ஏணியின் உச்சியில், ஜன்னல் சீலையைக் கழற்றிக்கொண்டு. ஏணியிலிருந்தபடியே அவனோடு கதை.

கார்ல் என்னைப் பார்த்தான். ஏணியைப் பார்த்தான். அம்மாவுக்கு ஏலாதென்று சொன்னதால், சுகமில்லாத வருத்தக்காரிக்குக் கொண்டுபோய்க் கொடு என்று ஹில்டாவே அனுப்பினாராம். முழங்கால் சுகமாகிவிட்டது போலிருக்கிறது, சந்தோஷம் என்றான். குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு முகத்தை நீட்டியிருக்கலாம்.

தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போனான். அம்மா ஏணியை விட்டு இறங்கினார், மெதுவாக, ஒவ்வொரு படியாக.

“எனக்கு என்ன வருத்தமெண்டு சொன்னனி?”

“முழங்கால்.”

“எந்த முழங்கால்?”

அம்மா அதோடு விட்டார். சீலையை மடித்து வைத்துவிட்டு, வாளியைத் திறந்து மணந்து பார்த்தார். முகம் மாறியது. ஏசினால் நல்லது என்று நான் காத்துக்கொண்டு நின்றேன், அவர் ஏலக்காய் எங்கே என்று கேட்டார்.

பின்னேரம் கடும்பு அவித்தார். இடியப்பச் சட்டியில் இரண்டு தட்டம். வீடெல்லாம் மணம். ஒரு துண்டு எனக்கு வைத்தார், நின்றபடியே தின்றேன். மெத்தென்று, வாயில் வைத்ததும் உடைந்து, கொஞ்சம் உப்புக் கலந்த இனிப்பு. நாளைக்குப் போறம் என்றார் அம்மா. கேட்கவில்லை, சொன்னார். இவர் காரில் கொண்டுபோய் விடுவார், அவருக்கு நாளை லீவு.

வாளி தொட்டியில் கிடந்தது, அடியில் மஞ்சள் ஒட்டியபடி. அதைக் கழுவக் கூடாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். கடும்புப் பால் வந்த பாத்திரம் பால் மணத்தோடு அப்படியே திரும்பிப் போகவேண்டும், கழுவினால் அந்தப் பசுவின் மடி வற்றிப்போகும் என்பது அம்மாவின் ஊர் வழக்கம். பண்ணையிலும் அப்படித்தான் கொடுத்து அனுப்புவார். கொண்டுபோவது என் வேலை. தமிழர் வாளியை நக்கிப்போட்டு அப்படியே தருகிறார்கள், ஊத்தைச் சனம் என்று ஸ்கூல் பஸ்ஸில் ஒரு பெட்டை சொல்லி, பஸ் முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் முற்றத்துப் பம்பில் வாளியை அலசித்தான் ஹில்டாவிடம் கொடுத்தேன். அம்மாவுக்குத் தெரியாமல்.

நாளைக்கு ஊர்ச் சனத்துக்கு நடுவில் புளித்த வாளியோடு போய் நிற்பதை யோசித்தேன். அம்மா குளிக்கப் போனதும் கம்பிப் பஞ்சு எடுத்துத் தேய்த்தேன். புதிது போல மினுங்கியது.

நாற்பத்தேழு வயது. ஜெர்மனியின் டொச் பாஸ்போர்ட். இன்னும் பம்படியில்தான் நிற்கிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

குளிர். பூசைக்குப் போகவில்லை.

காலையில் அம்மா வாளியைப் பார்த்தார். “கழுவிப்போட்டியே,” என்றார். அவ்வளவுதான். காரில் கடும்புத் தட்டத்தைத் துவாயால் சுற்றி மடியில் வைத்திருந்தார். வாளி என் காலடியில்.

பண்ணை மாறித்தான் இருக்கிறது. பன்றி இல்லை. எங்கள் அறையில் பால் விற்கும் மெஷின், வெளியே கோவாப் பெட்டிகள். உள்ளே எட்டிப் பார்த்தேன். மெஷினுக்குப் பின்னால் அந்தக் கறுப்பு வட்டம். ஒரு பெண் போத்தலில் பால் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் வாங்க வந்தவள் போல விலையைப் படித்தேன்.

உழவு மெஷின் நிறுத்தும் கொட்டகையில் நீள மேசைகள். ஹில்டா சக்கர நாற்காலியில், கம்பளி போர்த்தி. சுருங்கிப்போய்விட்டார். கண் மட்டும் சுருங்கவில்லை. அம்மாவைக் கண்டதும் இரண்டு கையையும் நீட்டினார். அம்மா தட்டத்தை என்னிடம் தந்துவிட்டு அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். எனக்குக் கண்ணீர் வந்தது, ஆனால் யாராவது பார்க்கிறார்களா என்றும் பார்த்தேன்.

கார்ல் வாளியை வாங்கித் தாயின் மடியில் வைத்தான். ஹில்டா மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். மூடினார்.

பிறகு அம்மாவைப் பார்த்துக் கேட்டார், அந்தப் பக்கத்துக் கிராமத்து டொச் மொழியில், அவசரமில்லாமல். முதல் தரம் நீ வாளியைக் கழுவாமல் அனுப்பினபோது நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா என்றார். அவருடைய தாயும் கழுவ விடமாட்டாராம். ஊரில் எல்லாரும் அதை மறந்து கனகாலமாம். உலகத்தின் மற்றப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்திக்கு அது தெரிகிறதே என்று, அன்றைக்கு எங்கள் வாசற்படியில் வந்து குந்தியிருந்து கடும்பு தின்றாராம். அது எனக்கு ஞாபகம் இருக்கிறது. கிண்ணம் இல்லாமல் கோப்பையின் தட்டில் வைத்துத் தின்றார்.

“பிறகு ஏன் கழுவத் தொடங்கினனி?” என்று கேட்டார் ஹில்டா. “ என்னோடை கோவமெண்டு நினைச்சன். அதுதான் பிறகு நான் வாறேல்லை.”

வந்ததில்லை. உண்மைதான். அதற்குப் பிறகு வாளியைப் படியில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டாமல் போய்விடுவார். எங்களைத் தீண்டாமல் வைக்கிறா என்று நான் நினைத்தேன். அதையும் சேர்த்து வெட்கப்பட்டேன், இத்தனை வருடம்.

அம்மா என்னைப் பார்த்தார். சிறுவயதிலிருந்தே அம்மாவுக்கு மொழிபெயர்ப்பது நான்தான். டாக்டரிடம், ஸ்கூலில், விசா கந்தோரில். இன்றைக்கும் எல்லாரும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வாளி நல்லா மினுங்குதாம், சந்தோஷமாம்,” என்றேன் தமிழில்.

அம்மா தலையை ஆட்டவில்லை. என்னை விட்டு ஹில்டாவின் பக்கம் திரும்பினார். டொச்சில் சொன்னார். மாட்டுக் கொட்டிலில் பழகிய டொச், முன்னும் பின்னும் இல்லாத நாலைந்து சொல்.

“நான் இல்லை. பிள்ளை. பிள்ளைக்கு வெக்கம்.”

வெட்கத்துக்கான அந்தச் சொல்லை எங்கே படித்தார் என்று தெரியவில்லை. பால் கறக்கிற இடத்தில் அது தேவைப்படாத சொல். 

ஹில்டா என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. கன்றொன்று தப்பான கதவால் புகுந்துவிட்டால் பார்ப்பாரே, அப்படி. பிறகு கடும்பைக் கொண்டா என்றார். கரண்டி கரண்டியாகத் தின்றார். மேசையில் யாரோ அது என்ன என்று கேட்டார்கள், கார்ல் சொன்னான், ஒருவர் மூக்கைச் சுளித்தார், இன்னொருவர் ருசி பார்த்தார். பன்றி என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. நான்தான் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மற்ற நேரம் முழுக்க இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து கதைத்தார்கள். பசுக்களின் பெயர்கள். எது உதைக்கும், எது முதலில் வரும். ஒருவருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நான் தட்டுகளை அடுக்கினேன்.

வெளிக்கிடும்போது கார்ல் வாளியைத் திரும்ப நிறைத்துத் தந்தான். இன்னொரு பசுவும் கன்று போட்டதாம். ஹில்டா என் மணிக்கட்டைப் பிடித்து, உன்ரை அம்மா தாற மாதிரித் திருப்பித் தா என்றார்.

நவம்பர் 10, திங்கள்

மழை. சப்பாத்து இன்னும் தைக்கக் கொடுக்கவில்லை, இவர் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா திரும்பவும் அவித்தார். வாளி பல்கனியில், கழுவாமல். இவர் சிகரெட்டுக்குப் போய் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, என்ன செத்துக் கிடக்குது என்று கேட்டார். சொன்னேன். அவருக்கு அது பகிடியாக இருந்தது.

அம்மாவோடு நேற்றிலிருந்து சரியாகக் கதை இல்லை. குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன், எப்போதிலிருந்து தெரியும் என்று.

“பம்படியிலை தண்ணி ஊத்துற சத்தம் அறைக்குக் கேக்கும்தானே.”

ஏன் அப்போதே ஏசவில்லை என்று கேட்டேன். அம்மா கீரைத் தண்டை முறித்தபடி, நிமிராமல் சொன்னார்.

“ஏசினா நீ வாளி கொண்டுபோகமாட்டாய். வாளி போகாட்டிப் பால் வராது. நீ அப்ப ஈர்க்குக் குச்சி மாதிரி மெலிவு.”

அந்த ஊரில் அம்மாவுக்குக் கதைக்கவென்று ஒருத்தி வந்தார். வாசற்படி வரைக்கும் வந்தார். நான் அவரைத் துரத்திவிட்டேன். அது நடப்பதைத் தெரிந்துகொண்டே அம்மா விட்டிருக்கிறார், எனக்குக் கடும்பு கிடைக்கவேண்டும் என்பதற்காக. நான் அதையும் தின்றேன். இன்னும் கொஞ்சம் வையுங்கோ என்று கேட்டும் தின்றேன்.

எழுத வேறொன்றும் இல்லை. புதன் அரை நாள் வேலை. வாளியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவோம் என்று அம்மாவிடம் சொன்னேன். நானாகச் சொன்னேன். கார் இவரிடம், ரயிலில்தான் போகவேண்டும். பரவாயில்லை.

நவம்பர் 12, புதன்

பனி விலகி வெளிச்சம். சப்பாத்து கொடுத்தாயிற்று.

ஒரு மணிக்கு வேலை முடிந்தது. அம்மா ஸ்டேஷனில் நின்றார், நல்ல கோட், தலைக்குத் துணி, கையில் வாளி. மூடியை மீறி மணம். நாலு நாள் பால். வரும்போதே இரண்டு பிளாஸ்டிக் பை கொண்டு வந்திருந்தேன். ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு முடிந்தேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். சனத்துக்குக் கரைச்சல்தானே என்றேன். ஓம் என்றார்.

ரயிலில் ஜன்னலோரம் அம்மா, பக்கத்தில் நான், வாளி என் மடியில். இன்றைக்குச் சரியாகச் செய்கிறேன் என்று எனக்குள் ஒரு நிறைவு. கையில் சூடு ஏறியது போல. ஹில்டா மூடியைத் திறந்து மணந்து பார்ப்பதை யோசித்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த ஸ்டேஷனில் சாண்ட்ரா ஏறினாள். கையில் சாமான் பை. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து எதிரே வந்து இருந்தாள். வார இறுதியில் தங்கை வீட்டுக்குப் போகிறாளாம், கேக் செய்கிறாளாம். கதைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தி, மூக்கை லேசாக உறிஞ்சினாள். என் மடியைப் பார்த்தாள்.

அது என்ன என்று கேட்டாள்.

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக.

பெயின்ற் என்றேன். சுவருக்கு வாங்கியது, பழுதாகிவிட்டது, திருப்பிக் கொடுக்கப் போகிறேன்.

ஓ, பழுதான பெயின்ற் இப்படித்தான் மணக்கும் என்றாள் சாண்ட்ரா. தங்கைக்கும் ஒருமுறை நடந்ததாம். கடையை நன்றாக ஏசு என்றாள்.

அம்மாவை நான் அவளுக்கு அறிமுகப்படுத்தவில்லை. அது அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் இருக்கும் யாரோ ஒரு கிழவி என்றுதான் அவள் நினைத்திருப்பாள்.

அம்மா ஜன்னலிலிருந்து திரும்பினார். என் மடியிலிருந்து வாளியை எடுத்தார். முடிச்சை அவிழ்த்து, ஒரு பையை உருவினார், மற்றதையும் உருவினார். வாளியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு பையையும் மடித்து என் கையில் தந்தார்.